கிராம்பு எண்ணெய் நானோ எமல்ஷன்: துளி சிறிதானது, எம்ஐசி மட்டும் ஏன் கூடியது?

நுண்துளி:

நண்பர்களே, முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காகக் கிராம்பு எண்ணெயை நானோ எமல்ஷனாக்கி (தண்ணீரில் மிக நுண்ணிய துளிகளாக்கி) கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை மீது சோதித்துக்கொண்டிருக்கிறேன். கலவை ரொம்ப எளிமை: எண்ணெய், அதைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் சர்ஃபாக்டன்ட்டான ட்வீன் 80, தண்ணீர், அவ்வளவுதான். எண்ணெயும் ட்வீனும் சம எடை. மீயொலியால் துளிகளை உடைக்கும் புரோப் சோனிக்கேட்டரில் அடித்து எடுத்தால் லேசான நீலச் சாயலோடு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி வருகிறது. டிஎல்எஸ்-ல் (ஒளிச்சிதறலை வைத்துத் துளி அளவை அளக்கும் முறை) பார்த்தால் துளி அளவு 60 நானோமீட்டர் பக்கம், துளிகள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்று காட்டும் பிடிஐ 0.2-க்குக் கீழே. வழிகாட்டிக்கு ஏக சந்தோஷம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். 96 குழித் தட்டில் எம்ஐசி (பூஞ்சை வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த செறிவு) பார்த்தால், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சாதா எண்ணெய்க்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு வருகிறது நானோ எமல்ஷனுக்கு. அதாவது பூஞ்சையை நிறுத்த இன்னும் அதிக எண்ணெய் வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தும் இதே கதைதான். நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் "நானோவாக்கியதும் செயல்திறன் கூடியது" என்றுதான் முடிகின்றன. என் சோதனையில் எங்கே பார்க்க வேண்டும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. இதை விட்டுவிட்டுக் கிராம்புச் சாற்றை வைத்து வெள்ளி நானோ துகள் செய்துவிடு, அது கண்டிப்பாக வேலை செய்யும் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொல்கிறார். அந்தப் பக்கம் போகலாமா?

கரிமவேதி:

உங்கள் எண்ணில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. கிராம்பு எண்ணெயை எடுத்து, ட்வீனை இவ்வளவு போட்டு, தட்டில் எம்ஐசி பார்த்தால் இப்படி வருவதுதான் இயல்பு. நானோவாக்கினாலே வீரியம் கூடிவிடும் என்ற எதிர்பார்ப்புதான் இடிக்கிறது. அது எப்போது கூடும், எப்போது கூடாது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் திட்டம் நல்ல இடத்துக்குப் போகும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். பூஞ்சையின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைப்பதுதான் அதன் முக்கியமான வேலை. சவ்வு ஒழுக ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் அயனிகளெல்லாம் கசிந்து செல் சாகிறது. இதைச் செய்வது துளி இல்லை, தண்ணீரில் கரைந்து தனித்தனியாகத் திரியும் யூஜெனால் மூலக்கூறு. இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். யூஜெனால் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும், அதாவது மில்லிலிட்டருக்கு 2000 மைக்ரோகிராமுக்கு மேல். கேண்டிடாவுக்கு அதன் எம்ஐசி பொதுவாகச் சில நூறு மைக்ரோகிராமிலிருந்து ஆயிரம் பக்கம் வரை. அப்படியென்றால் எம்ஐசி அளவில் யூஜெனால் தானாகவே தண்ணீரில் கரைந்துவிடும், கரைய வைக்க நானோவுக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டாக்கை, அதாவது முதலில் செய்த செறிந்த எமல்ஷனை, பூஞ்சை வளரும் ஊடகத்தில் விட்டு நீர்க்கச் செய்யும்போதே உங்கள் 60 நானோமீட்டர் துளிகளில் பெரும்பாலானவை கரைந்து போயிருக்கும். டிஎல்எஸ் அளந்தது ஸ்டாக்கில் இருந்த துளிகளை, குழிக்குள் அவை அப்படியே இருந்தனவா என்று யாரும் அளக்கவில்லை.

மிஞ்சுவது ட்வீன். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் ஒன்றுகூடி மைசெல்கள் என்ற நுண்ணிய உருண்டைகளாக உருவாகத் தொடங்கும் செறிவு, சிஎம்சி என்கிறோமே அது, ட்வீன் 80-க்கு லிட்டருக்கு 15 மில்லிகிராம் பக்கம்தான். உங்கள் குழியில் எண்ணெய் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் இருந்தால் ட்வீனும் 500, அது சிஎம்சி-யைப் போல 30 மடங்குக்கு மேல். அந்த மைசெல்கள் யூஜெனாலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். தனியாகத் திரியும் யூஜெனால் குறைகிறது, எம்ஐசி ஏறுகிறது. இரண்டு மடங்கு ஏற்றம் என்பது இதற்குப் பொருந்துகிற அளவுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வையுங்கள், பல கட்டுரைகளில் இல்லாதது இதுதான்: அதே எண்ணெய், அதே ட்வீன், அதே தண்ணீர், அதே விகிதம், ஆனால் சோனிக்கேட்டரில் அடிக்காமல் கையால் குலுக்கி எடுத்த கரடுமுரடான எமல்ஷன். அதற்கும் உங்கள் நானோ எமல்ஷனுக்கும் ஒரே எம்ஐசி வந்தால், துளி அளவுக்கு இதில் பங்கே இல்லை, எல்லாம் ட்வீன் செய்த வேலை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிடலாம். டிஎம்எஸ்ஓ-வில் கரைத்த எண்ணெயோடு ஒப்பிடும்போது ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன, அளவும் மாறுகிறது, சர்ஃபாக்டன்ட்டும் நுழைகிறது. அதை வைத்து நானோவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு மருத்துவத்திலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ஆம்ஃபோடெரிசின் பி, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் பாக்டீரியாவிடமிருந்து 1950-களில் கிடைத்த பூஞ்சை எதிர்ப்பு மருந்து. தாவரம் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. அது பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டிராலைப் பிடித்துக் கொல்கிறது, கூடவே நோயாளியின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. 100 நானோமீட்டருக்கும் குறைவான லைப்போசோம் என்ற கொழுப்புக் குமிழிக்குள் அதை அடைத்தார்கள், 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனைக் குழாயில் பார்த்தால் லைப்போசோம் வடிவத்தின் எம்ஐசி சாதாரண மருந்தைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது, பல சமயம் அதிகமாகக்கூட வரும். ஆனால் பழைய வடிவத்தை ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கத் தயங்கிய இடத்தில், லைப்போசோம் வடிவத்தை 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுக்க முடிகிறது. வீரியம் அப்படியே இருக்க, மருந்து போய்ச் சேரும் இடம் மாறியது. அந்த மருந்தை வெறும் எம்ஐசி தட்டை வைத்து எடை போட்டிருந்தால் அது அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.

உங்கள் கிராம்பு எண்ணெய்க்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: யூஜெனாலுக்கு எந்த இடத்தில் முடியாமல் போகிறது? ஆவியாகிப் போய்விடுகிறதா, தோலில் எரிச்சல் தருகிறதா, பூஞ்சை ஒட்டிக்கொண்டு கட்டும் பயோஃபிலிம் படலத்துக்குள் போக முடியவில்லையா, நகத்தின் கெரட்டினைத் தாண்டவில்லையா? அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நானோவை அங்கே வேலை வாங்குங்கள்.

பூஞ்சைத்தட்டு:

கரிமவேதி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தட்டு வைக்கிற ஆள் என்ற முறையில் சில விஷயங்களைச் சேர்க்கிறேன், இவற்றைச் சரிபார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

புரோப் சோனிக்கேட்டர் சூட்டைக் கிளப்பும். பனிக்கட்டியில் வைத்து, விட்டு விட்டு அடித்தாலும் புரோப் நுனியைச் சுற்றி நல்ல சூடு இருக்கும், மூடி இல்லாத பீக்கரில் அடித்தால் எண்ணெய் கொஞ்சம் ஆவியாகியே தீரும், அறை முழுக்கக் கிராம்பு வாசனை அடிக்கிறதென்றால் அந்த வாசனை உங்கள் எமல்ஷனிலிருந்து போனதுதான். நீங்கள் எடைபோட்டுப் போட்ட அளவை வைத்துச் செறிவு எழுதுகிறீர்களா, அடித்து முடித்த பிறகு எச்பிஎல்சி அல்லது ஜிசி-யில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவிகள்) யூஜெனாலை அளந்து எழுதுகிறீர்களா? முதல் வழி என்றால் உங்கள் "இரண்டு மடங்கு" கொஞ்சம் ஊதிப்போன எண்ணாக இருக்கலாம். டைட்டானியம் நுனியிலிருந்து துகள் உதிர்ந்து கலப்பதும் நடக்கும், அடித்து முடித்ததும் மையவிலக்கில் ஒரு சுற்று விட்டு அதை அடியில் இறக்கிவிடுங்கள்.

அடுத்தது ஆவி. யூஜெனால் அந்த விஷயத்தில் கொஞ்சம் அடக்கம், மற்ற வாசனை எண்ணெய்களில் இருக்கும் தைமால், கார்வக்ரால், சிட்ரால் எல்லாம் தட்டில் பக்கத்துக் குழிக்கே தாவும். அதிகச் செறிவுக் குழிக்குப் பக்கத்தில் எண்ணெயே போடாத வளர்ச்சிக் கட்டுப்பாட்டுக் குழியை வைத்தால் அதில்கூட வளர்ச்சி மந்தமாகும். நானோவில் அடைத்த எண்ணெய் மெதுவாக ஆவியாகும், சாதா எண்ணெய் வேகமாக. அதனால் ஒரே தட்டில் இரண்டையும் வைத்தால் ஒன்று இன்னொன்றின் முடிவைக் கெடுக்கும். தனித்தனித் தட்டு, மேலே ஒட்டும் மூடித்தாள், இரண்டும் அவசியம்.

தயவு செய்து அகார் துளை முறையில் (கூழ் ஊடகத்தில் துளையிட்டு மருந்தை ஊற்றிப் பார்ப்பது) பூஞ்சை வளராத வளையத்தை அளந்து ஒப்பிடாதீர்கள். எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது, எமல்ஷன் பரவும். வளையம் பெரிதாவது பரவலைக் காட்டுகிறதே தவிர வீரியத்தை இல்லை. "நானோவாக்கியதும் செயல்திறன் கூடியது" என்று நீங்கள் படித்தவற்றில் எத்தனை இந்த வளையத்தை நம்பி எழுதப்பட்டவை என்று ஒரு முறை திரும்பிப் போய்ப் பாருங்கள், அது ரொம்ப முக்கியம்.

கடைசியாக, எமல்ஷனை ஒரு மாதம் அலமாரியில் வைத்து துளி அளவை அவ்வப்போது அளந்தீர்களா? யூஜெனால் ஓரளவு தண்ணீரில் கரைவதால் சின்னத் துளியிலிருந்து கரைந்து பெரிய துளியில் போய்ச் சேரும், இதற்குப் பெயர் ஆஸ்ட்வால்ட் ரைப்பனிங். ஆரத்தின் கனத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், வந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் சுத்தமாகக் கரையாத எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் கொஞ்சம் கலந்தால் இது நிற்கும். ஆனால் அந்த எண்ணெயும் யூஜெனாலைத் தன் பக்கம் பிடித்துவைக்கும், எம்ஐசி இன்னும் ஏறும். நிலைப்புத்தன்மையும் வேகமான செயலும் ஒன்றாகக் கிடைக்காது, எது வேண்டும் என்று பயன்பாட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

இலைநரம்பு:

வெள்ளிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், இதில் எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம் உண்டு.

வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றையோ கிராம்புச் சாற்றையோ விட்டால் வெளிர் மஞ்சள் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும், 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு உறிஞ்சல் முகடு வரும், நானோ துகள் தயார். சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் வெள்ளி அயனியை ஒடுக்குகின்றன, பிறகு துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்கின்றன. அருமையான வேதியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சையைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளி, துகளிலிருந்து வெளிவரும் வெள்ளி அயனி. எந்தச் செடியின் சாற்றை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே முடிவு வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே செடி மருந்தாக வரவில்லை, வினைப்பொருளாக வருகிறது. அதைத் "தாவர மருந்தின் மேம்பட்ட வடிவம்" என்று எழுதுவது படிப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். வெள்ளி உடம்பில் சேர்ந்தால் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக மாறும் ஆர்ஜிரியா என்ற பாதிப்பும் தெரிந்ததே. "இயற்கை" என்ற பெயரை நம்பிப் பூசிக்கொள்பவருக்கு இதெல்லாம் தெரியாது.

உங்கள் ஆய்வு தாவர மூலக்கூறைப் பற்றியது என்றால் வெள்ளிப் பக்கம் போகாதீர்கள். வெள்ளியைப் பற்றியது என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் செடி இல்லாமல் செய்த வெள்ளித் துகளையும், வெள்ளி இல்லாத சாற்றையும், வெறும் வெள்ளி நைட்ரேட்டையும் பக்கத்தில் வைத்தே ஒப்பிடுங்கள்.

கோடைமழை:

நான் ஆய்வாளர் இல்லை, படர்தாமரை வந்து அவதிப்படுபவள். டீ ட்ரீ ஆயில் நானோ கிரீம் என்று விற்கிறார்கள், சாதா எண்ணெய்க்குப் பதில் அதைப் பூசலாமா? நானோ என்றால் ஆழமாகப் போகும் என்று போட்டிருக்கிறது.

பூஞ்சைத்தட்டு:

கோடைமழை, முதலில் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். படர்தாமரை மாதிரி தெரிவதெல்லாம் படர்தாமரை இல்லை. இன்னொன்று, ஸ்டீராய்டு கலந்த கிரீமை ஏற்கெனவே பூசியிருந்தால் அரிப்பு அடங்கிய மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும். அப்படி ஏதாவது பூசியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"ஆழமாகப் போகும்" என்பதைப் பற்றி: நல்ல தோலின் மேலடுக்கைத் தாண்டி நானோ துகள் முழுசாக உள்ளே போவது அரிது, பெரும்பாலும் மேலேயே தங்கும், மயிர்க்கால் குழிகளில் சேரும். படர்தாமரைப் பூஞ்சை வாழ்வதும் மேல் கெரட்டின் அடுக்கிலும் மயிர்க்காலிலும்தான் என்பதால் அது ஒரு வகையில் நல்லதுகூட. ஆனால் டீ ட்ரீ ஆயில் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோல் ஒவ்வாமையைக் கிளப்பும், மருந்தைத் தோலில் அதிக நேரம் தங்கவைக்கும் எந்த வடிவமும் ஒவ்வாமைப் பொருளையும் சேர்த்தே தங்கவைக்கும். கிரீமில் டெர்பினென்-4-ஆல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பூஞ்சைக்கு எதிரான வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். "நானோ" என்று மட்டும் போட்டு அந்த அளவைப் போடாத குப்பியை நான் வாங்க மாட்டேன்.

நுண்துளி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. குலுக்கி எடுத்த எமல்ஷன் கட்டுப்பாட்டை இந்த வாரமே வைக்கிறேன், எச்பிஎல்சி நேரமும் கேட்டிருக்கிறேன். வெள்ளி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கரிமவேதி, ஒரே ஒரு தொடர் கேள்வி. யூஜெனால் தண்ணீரில் நன்றாகக் கரைவதால்தான் நானோவுக்கு வேலை இல்லை என்றால், சுத்தமாகக் கரையாத, மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கு மாறிவிடலாமா? இல்லையென்றால் யூஜெனாலையே கைட்டோசன் என்ற பாலிமரின் துகளில் அடைத்துப் பார்க்கட்டுமா? கைட்டோசனுக்கே பூஞ்சை எதிர்ப்பு உண்டு என்கிறார்களே.

கரிமவேதி:

குர்குமின் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தர்க்கப்படி சரிதான். தண்ணீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம், நடுநிலை pH-க்கு மேலே போனால் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும், வெளிச்சத்திலும் அழியும். லிப்பிட் துகளிலோ பாலிமர் துகளிலோ அடைத்தால் இந்த மூன்றுமே தணியும், அதனால் அங்கே வரும் வித்தியாசம் மெய்யான வித்தியாசம். ஆனால் அது பொல்லாத மூலக்கூறு. சோதனை முறைகளையே ஏமாற்றி இல்லாத செயலைக் காட்டும் சேர்மங்களின் வரிசையில் அதை வைத்து, 2017-ல் வந்த ஒரு மருந்து வேதியியல் மதிப்பாய்வு கடுமையாக எச்சரித்தது. அதன் மஞ்சள் நிறம் நிறம் பார்த்து அளக்கும் சோதனைகளில் குறுக்கே வரும், நீல ஒளி பட்டால் அதுவே ஒளியால் தூண்டப்பட்டுக் கேண்டிடாவைக் கொல்லும். இருட்டிலும் வெளிச்சத்திலும் தனித்தனியாகச் செய்யாத குர்குமின் சோதனையை நான் நம்புவதில்லை. முதுகலைத் திட்டத்தின் காலத்துக்குள் இதையெல்லாம் கட்டி மேய்க்க முடியுமா என்று உங்கள் வழிகாட்டியோடு பேசுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் யூஜெனாலை விடமாட்டேன், கேள்வியை மாற்றுவேன். 24 மணி நேரத்தில் எம்ஐசி எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, திறந்து வைத்த பரப்பில் ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் கழித்து எவ்வளவு யூஜெனால் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம் இன்னும் பூஞ்சையை நிறுத்துகிறதா என்று பார்ப்பேன். கூடவே கேண்டிடாவுக்கும் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினோசைட் செல்லுக்கும் நச்சாகும் செறிவை ஒரே வடிவத்தில் அளந்து இரண்டின் விகிதத்தை எடுப்பேன். இந்த மாதிரி எண்ணெய்களின் எம்ஐசி நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமில் இருக்கிறது, ஃப்ளூகோனசோல் என்ற அசோல் வகைப் பூஞ்சை மருந்துக்கு அடங்கும் கேண்டிடா அல்பிகன்ஸின் எம்ஐசி வரம்பு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். இந்த இடைவெளியைத் துளி அளவால் மூட முடியாது. ஆனால் தோலை எரிக்காமல் அதிக அளவை அதிக நேரம் நிறுத்திவைக்க முடிந்தால் மேல்பூச்சுக்கு அது போதும். அசோல்களுக்கு அடங்காத கேண்டிடா ஆரிஸ் மாதிரிப் பூஞ்சைகளை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் மிக ஆபத்தான வரிசையில் வைத்திருக்கிறது. மேல்பூச்சில் புதிதாக ஒரு வழி திறந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு, அதனால்தான் இதை அரைகுறையாகச் செய்யாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கைட்டோசன் இதற்குப் பொருத்தம்தான், டிபிபி என்ற பாஸ்பேட் உப்பைச் சேர்த்து, எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துத் துகளாகும் அயனிக் கூழாக்க முறையில் செய்தால் சோனிக்கேட்டர் சூடும் மிச்சம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கைட்டோசன் பூஞ்சையின் எதிர்மின் பரப்பைப் பிடிப்பது தன் நேர்மின்னூட்டத்தால், அந்த மின்னூட்டம் pH 6.5-ஐத் தாண்டினால் பெருமளவு போய்விடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே படியும். நீங்கள் எம்ஐசி வைக்கும் ஆர்பிஎம்ஐ ஊடகத்தின் pH 7.0. ஆகவே தட்டு வைப்பதற்கு முன் துகளை அந்த ஊடகத்திலேயே 24 மணி நேரம் ஊறவைத்து டிஎல்எஸ் எடுங்கள். கலங்கிப்போய்த் திரிந்திருந்தால் ஊடகத்தின் கலங்கலையே பூஞ்சை வளர்ச்சி என்று கருவி படித்துவிடும், தோலின் pH 5 பக்கம் என்பதால் அந்த pH-ல் தாங்கல் வைத்து, எண்ணெய் இல்லாத வெற்றுக் கைட்டோசன் துகளையும் சேர்த்து, தனியாக ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.